பாலக்காட்டில் புதிதாகக் குடியேறியவர் நண்பர்களைத் தேடிக்கொள்ளும் முறை

ஒலவக்கோட்டில் உள்ள ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கு மாற்றலாகியோ, கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தோ, 2015-இல் தொடங்கப்பட்ட ஐ.ஐ.டி.யில் பணியேற்றோ, வங்கி அல்லது மருத்துவமனைப் பணிக்காகவோ பாலக்காட்டுக்கு வந்து சேரும் தமிழருக்கு, வாடகை வீடும் எரிவாயு இணைப்பும் ஒரு மாதத்துக்குள் அமைந்துவிடுகின்றன. அமையாமல் இழுத்துக்கொண்டே போவது மனம் விட்டுப் பேசுவதற்கான ஆள்தான். காதலையோ கல்யாணத்தையோ தொழில் ஆதாயத்தையோ கருதாத, வெறும் நட்புக்காகவே பழகும் இரண்டு மூன்று பேரை முப்பது, நாற்பது வயதில் ஒரு புது ஊரில் எப்படித் தேடிக்கொள்வது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் போன்ற எல்லையோர ஊர்களில் குடியேறியவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இந்த ஊரில் இரண்டு வசதிகள் உள்ளன. இரண்டுமே நட்புக்குத் தடையாக முடிகின்றன. முதலாவது, கோயம்புத்தூர் சுமார் ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் இருப்பது. இரண்டாவது, பாலக்காட்டில் தமிழ் பேசியே காலத்தைத் தள்ளிவிட முடிவது. தமிழ் சிறிதும் செல்லாத தொலைதூர நகரத்துக்குப் போனவர் வேறு வழியின்றி அக்கம்பக்கத்தாரோடு பழகத் தொடங்கிவிடுகிறார். பாலக்காட்டுக்கு வந்தவரோ வெள்ளிக்கிழமை மாலையில் கோவை உக்கடத்துக்குப் போகும் பேருந்தில் ஏறி, திங்கட்கிழமை காலையில் நேராக அலுவலகத்தில் வந்து இறங்குகிறார். பாலக்காட்டில் கழியும் நான்கு இரவுகளில் உண்டு உறங்குவதோடு சரி. மூன்று ஆண்டுகள் இப்படியே இருந்துவிட்டு, "இந்த ஊர்க்காரர்கள் யாரோடும் ஒட்டமாட்டார்கள்" என்று சொல்லிக்கொண்டு மாற்றலாகிப் போனவர்கள் பலர். ஊர்மேல் போடும் அந்தப் பழி நியாயமற்றது என்பது என் எண்ணம்.

முதலில் கணக்கு

அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால், புது ஊருக்குக் குடிபெயர்ந்த பெரியவர்களையும் முதலாண்டுக் கல்லூரி மாணவர்களையும் கேட்டு, நட்பு உருவாக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை ஆராய்ந்தார். 2018-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லிக்கொள்ளும் நிலையை அடைய 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்திருக்க வேண்டியிருக்கிறது. ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் நேரம் இதில் அவ்வளவாகச் சேர்த்தியில்லை. விளையாட்டு, அரட்டை, சாப்பாடு என்று கழியும் நேரமே கணக்கில் ஏறுகிறது.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒருவரைச் சந்தித்தால் ஐம்பது மணி நேரம் சேர ஆறு மாதம் ஆகும். ஆகவே மூன்றாம் வாரத்திலேயே "யாரும் அமையவில்லையே" என்று சோர்ந்துபோவதற்குக் காரணம் இல்லை. அதைவிட முக்கியமாக, ஒரே ஆட்களை ஒரே இடத்தில் வாராவாரம் பார்க்க வாய்ப்புத் தராத எந்த ஏற்பாடும் இந்தக் கணக்கில் தேறாது. ஒரு நாள் கருத்தரங்கும் ஒரு நாள் சுற்றுலாவும் அறிமுகங்களைத் தரும். அவை அறிமுகங்களாகவே நின்றுவிடும்.

முதல் மாதம்: ஊரில் தங்குங்கள்

மாதத்தில் இரண்டு வார இறுதிகளையாவது பாலக்காட்டில் கழிப்பது என்று முடிவு செய்யுங்கள். மனைவியோ கணவரோ குழந்தைகளோ கோவையில் இருந்தால் இது எளிதன்று; அவர்களை விட்டுவிட்டு நண்பர்களைத் தேடுங்கள் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அப்படிப்பட்டவர்கள் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏதேனும் ஒன்றில் சேர்ந்துவிட்டு, அது முடிந்தபின் பத்து மணிக்குப் பேருந்து ஏறலாம். வெள்ளி மாலைக்குப் பதில் சனிக்கிழமை காலையில் கிளம்புவதுதான் இழப்பு. குடும்பமே ஒரு முறை இங்கு வந்து தங்கினால் இன்னும் நல்லது. தனியாக இருக்கும் ஆணை ஓரளவு தயக்கத்தோடு பார்க்கும் அக்கம்பக்கம், பிள்ளைகளைக் கண்டதும் தானாக வந்து பேசும்.

இதே மாதத்தில் வீட்டுக்கு இருபுறமும் எதிரிலும் இருப்பவர்களிடம் பெயரையும் வேலையையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். 1950-இல் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பை ஆராய்ந்து எழுதியபோது, யார் யாருக்கு நண்பரானார் என்பதைப் பெரிதும் தீர்மானித்தவை வீட்டு வாசல்களுக்கு இடையே இருந்த தூரமும் மாடிப்படி அமைந்திருந்த இடமுமே என்று கண்டார்கள். வீடு இன்னும் முடிவாகவில்லை என்றால், தனித்து நிற்கும் பெரிய வீட்டைவிட, பொது முற்றமோ பொதுக் கிணறோ உள்ள வரிசை வீடு நட்புக்கு உகந்தது. வாடகையைப் பேசும்போது இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இரண்டாம் மாதம்: ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

நான்கைந்து இடங்களைப் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றை, அதிகம் போனால் இரண்டைத் தேர்ந்துகொண்டு, அங்கே தவறாமல் போக வேண்டும். தேர்வுக்கு மூன்று அளவுகோல்கள் போதும்: வாரந்தோறும் கூட வேண்டும், பெரும்பாலும் அதே ஆட்கள் வர வேண்டும், முன்னும் பின்னும் பேசிக்கொண்டு நிற்க இடம் இருக்க வேண்டும். மூன்றாவதை அற்பமாக எண்ணிவிடாதீர்கள். ஜிம்மில் காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உழைப்பவர்கள் ஓராண்டு கழித்தும் ஒருவர் பெயரை ஒருவர் அறியாதிருப்பது, அங்கே நின்று பேச இடமும் காரணமும் இல்லாததால்தான்.

பாலக்காட்டில் மிக எளிதான தொடக்கம் கோட்டை. 1766-இல் ஹைதர் அலி கட்டுவித்த இந்தக் கோட்டையைச் சுற்றியுள்ள நடைபாதையில் விடியற்காலையில் நடப்பவர்கள் ஏராளம். வெயில் கொளுத்தும் ஊர் என்பதால் எல்லோரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்துவிடுகிறார்கள். ஒரே வாயிலில் ஒரே நேரத்துக்கு ஒரே திசையில் நடக்கத் தொடங்குங்கள். முதல் வாரம் தலையசைப்பு, அடுத்த வாரம் புன்னகை, அதற்கடுத்து "நேற்றுக் காணவில்லையே" என்ற விசாரிப்பு என்று அது தானாக முன்னேறும். நடை முடிந்ததும் நேரே வீட்டுக்கு ஓடாமல், கோட்டை மைதானத்துப் பக்கம் சாயக்கடையில் (தேநீர்க்கடையை இங்கு அப்படித்தான் சொல்வார்கள்) நின்று ஒரு கட்டன் சாயா, அதாவது பால் சேர்க்காத தேநீர், குடியுங்கள். பேச்சு பிறப்பது அங்கேதான். கடையில் கிடக்கும் மலையாள நாளிதழைக் கையில் எடுத்து, தலைப்பை எழுத்துக்கூட்டி வாசிக்க முயன்றால் பக்கத்தில் நிற்பவர் திருத்தாமல் இருக்க மாட்டார். திருத்தியவர் அடுத்த நாள் தாமே தேடி வந்து, பாடம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கேட்பார்.

விளையாட்டில் விருப்பம் உள்ளவர்களுக்குப் பேட்மிண்டன் அரங்குகளும், இரவு வெளிச்சத்தில் கால்பந்து ஆடும் டர்ஃப் மைதானங்களும் உண்டு. பேட்மிண்டனில் இரட்டையர் ஆட்டத்துக்கு நால்வர் வேண்டும் என்பதால், ஒருவர் வராத நாளில் புதியவரை அவர்களே அழைத்துக்கொள்வார்கள். "ஆள் குறைந்தால் கூப்பிடுங்கள்" என்று அரங்கைப் பார்த்துக்கொள்பவரிடம் எண்ணைக் கொடுத்து வைப்பது போதும். திறமையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. நேரத்துக்கு வருபவரையே அங்கு மதிப்பார்கள்.

கேரளத்துக்கே உரிய வாய்ப்பு வாயனசாலை. ஊருக்கு ஊர், பல இடங்களில் வார்டுக்கு ஒன்று என்று இருக்கும் இந்த நூலகங்களை உள்ளூர் மக்களே ஒரு குழுவாக இருந்து நடத்துகிறார்கள். மாலையில் திறப்பார்கள், நாளிதழ் வாசிப்பவர்கள், கேரம் ஆடுபவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் என்று எல்லா வயதினரும் வருவார்கள். நூலக இயக்கத்தை வளர்த்த பி. என். பணிக்கரின் நினைவு நாளான ஜூன் 19, மாநிலம் முழுதும் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று தொடங்கும் கூட்டங்களும் வினாடி வினாக்களும் ஜூலை வரை நீளும். உறுப்பினர் சந்தா மிகக் குறைவு. மலையாளம் படிக்கத் தெரியாது என்று ஒதுங்கிவிடாமல், நிகழ்ச்சி நாளில் நாற்காலி போடவும் பேனர் கட்டவும் போய் நில்லுங்கள். நாற்காலி எடுத்து அடுக்கியவருக்கு ஊரில் கிடைக்கும் இடம், முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவருக்குக் கிடைப்பதில்லை.

இதைவிட ஆழமான இடம் ஒன்று உண்டு. அது எல்லோருக்கும் ஏற்றதன்று. நோய்த் தணிப்புப் பராமரிப்புக்கென்று 2008-இல் தனிக் கொள்கையை அறிவித்த மாநிலம் கேரளம். படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்குச் செவிலியரோடு தொண்டர்களும் போய்வரும் வழக்கம் இங்கு ஊன்றியிருக்கிறது. மக்கள் அதைச் சுருக்கமாகப் "பாலியேட்டிவ்" என்றே சொல்கிறார்கள். பயிற்சி எடுத்துக்கொண்டு வாரம் அரை நாள் கொடுக்க முடிந்தால், ஒரே வண்டியில் சந்து சந்தாகப் போய்வரும் அந்த நேரத்தில் உருவாகும் உறவு எளிதில் அறுபடுவதில்லை. ஆனால் நண்பர்கள் வேண்டும் என்பதற்காக மட்டும் இதில் சேராதீர்கள். நாலு வாரம் வந்துவிட்டு நின்றுபோகும் தொண்டரால் நோயாளிக்கு ஏமாற்றமே மிச்சம்.

வீட்டிலிருக்கும் பெண்களுக்கு, 1998-இல் கேரளத்தில் தொடங்கிய, பெண்களுக்கான சுய உதவித் திட்டமான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டம் ஒரு நல்ல வாசல். பத்து முதல் இருபது வீடுகளின் பெண்கள் சேர்ந்த சிறு குழு அது. வாடகைக்கு இருப்பவர் சேரும் வழியை வார்டு உறுப்பினரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மொழி

நீங்கள் தமிழில் பேசினால் பாலக்காட்டுக்காரர் தமிழிலேயே பதில் சொல்லிவிடுவார். அது அவருடைய பண்பு. அதையே பழக்கமாக்கிக்கொள்வது உங்கள் சோம்பல். இருவர் பேசும்போது தமிழ் போதும். ஐந்து பேர் கூடி, சிரிப்பும் கிண்டலும் மலையாளத்தில் ஓடத் தொடங்கியதும், மொழி புரியாதவர் விருந்தாளியாகவே மிஞ்சுகிறார். அவருக்காக மற்றவர்கள் தமிழுக்கு மாற, பேச்சின் சூடும் ஆறிவிடுகிறது. ஆகவே கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது மலையாளத்தை ஆறு மாதத்தில் பழகிவிட வேண்டும். தப்பும் தவறுமாகப் பேசுவதால் மதிப்புக் குறையாது.

வயதில் மூத்தவர்களைச் சேட்டா, சேச்சி என்று அழைப்பதே வழக்கம். ஆசிரியராக இருந்தவர் ஓய்வு பெற்ற பின்னும் மாஷ் அல்லது டீச்சர்தான். கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி பக்கம் போனால் அண்ணா, அக்கா என்றே எல்லாம் நடக்கும். அங்கே தமிழ்வழிப் பள்ளிகளும், சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறையும் இருக்கின்றன. தமிழ்ச் சூழலுக்கு ஏங்குபவர்கள் அவ்வப்போது அந்தப் பக்கம் போய்வரலாம். ஆனால் தமிழர் கூட்டத்தை மட்டுமே நாடினால், கிடைக்கும் நண்பர்களும் உங்களைப் போலவே வெள்ளிக்கிழமை மாலையில் ஊருக்குக் கிளம்புபவர்களாக இருப்பார்கள்.

மூன்றாம் மாதம்: இடத்தை மாற்றுங்கள்

பெரும்பாலானோர் தடுக்கி நிற்பது இந்தப் படியில்தான். நடைபாதையில் தினமும் பேசுகிறீர்கள்; அரங்கில் கைதட்டிச் சிரிக்கிறீர்கள்; ஆனால் அந்த வாசலைத் தாண்டினால் யாரோ, எவரோ. அறிமுகம் நட்பாக வேண்டுமானால், சந்தித்துப் பழகிய இடத்துக்கு வெளியே ஒரு முறையேனும் சந்தித்தாக வேண்டும். அதற்கு ஒருவர் அழைக்க வேண்டும். புதிதாக வந்தவர் நீங்கள் என்பதால் அழைப்பது உங்கள் வேலை.

"ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்பதை யாரும் அழைப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அது விடைபெறும் சொல். நாள், நேரம், இடம், முடியும் நேரம் நான்கும் இருந்தால்தான் அழைப்பு. "வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மலம்புழா அணைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். என் வண்டியிலேயே போகலாம்; வழியில் சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்குத் திரும்பிவிடலாம். வருகிறீர்களா சேட்டா?" என்று கேட்டுப் பாருங்கள். எப்போது விடுபடலாம் என்பது தெரிந்திருப்பதால், வீட்டில் வேலை உள்ளவரும் துணிந்து சரி என்பார். முடியாது என்பவரும் மறுப்பதற்குச் சங்கடப்பட வேண்டியதில்லை. முதல் அழைப்பை விருந்தாக வைக்காதீர்கள். இலைபோட்டுப் பரிமாறப்பட்டவர் அதைத் திருப்பிச் செய்தாக வேண்டுமே என்ற கடன் உணர்வில் ஒதுங்கிவிடுவதும் உண்டு.

ஒருவர் மறுத்தால், இரண்டு வாரம் கழித்து வேறொன்றுக்கு மறுபடியும் கேளுங்கள். இரண்டாம் முறையும் மாற்று நாள் எதுவும் சொல்லாமல் மறுத்தால் விட்டுவிடுங்கள். வழக்கமான இடத்தில் வழக்கம்போலப் பேசுங்கள். சந்தித்துத் திரும்பியபின் "அதிகம் பேசிவிட்டோமோ, நம்மைப் பிடிக்கவில்லையோ" என்று குமைவது பலருக்கும் இயல்பு. புதிதாக அறிமுகமானவர்களின் உரையாடல்களை ஆராய்ந்து 2018-இல் வெளியிடப்பட்ட ஓர் உளவியல் ஆய்வு, எதிரில் இருந்தவருக்குத் தம்மை எவ்வளவு பிடித்திருந்தது என்பதை மக்கள் உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள் என்று காட்டியது. ஆகவே அந்தச் சந்தேகத்தைச் சான்றாகக் கொள்ளாமல், அடுத்த வாரமும் போய் நிற்பதே சரி.

எச்சரிக்கைகள் சில

புதிதாக வந்தவரைத் தேடி வந்து பழகுபவர்களில் சங்கிலித்தொடர் வணிகக்காரர்களும் உண்டு. இரண்டாம் சந்திப்பிலேயே "ஒரு நல்ல வாய்ப்பு" என்று பேச்சு வந்தால் எழுந்துவிடலாம். இந்தப் பக்கம் சீட்டைக் குறி என்பார்கள். அது மோசடி என்று அர்த்தமில்லை, ஆனால் பழகிய புதிதில் நண்பர் சேர்க்கும் குறியில் சேர வேண்டாம். சீட்டுப் போட வேண்டுமென்றால் 1969-இலிருந்து மாநில அரசு நடத்தும் கே.எஸ்.எஃப்.இ. என்ற நிதி நிறுவனம் இருக்கிறது. முதல் ஓராண்டு கைமாற்று கொடுப்பதும் வாங்குவதும் வேண்டாம்.

அரசியல் இங்கே சாயக்கடைப் பேச்சிலேயே கலந்திருக்கிறது. யார் எந்தக் கட்சி என்பது ஊருக்கெல்லாம் தெரியும். அதனால் நட்பு முறிவதில்லை. கேட்டுக்கொண்டிருங்கள், அணி பிரிந்து வாதாடுவதை ஊர் பழகிய பிறகு வைத்துக்கொள்ளலாம். முல்லைப் பெரியாறு பற்றிய பேச்சுக்கும் இதே விதி.

ஆணும் பெண்ணும் நட்பாகப் பழகுவதில் ஊர்க்கண் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதற்கு அஞ்சி விலக வேண்டியதில்லை. முதல் சில மாதங்கள் குழுவாகவும் பகலில் பொது இடத்திலும் சந்திப்பது, திருமணமானவராக இருந்தால் வாழ்க்கைத் துணையைச் சீக்கிரமே அறிமுகம் செய்துவிடுவது, இரவு பத்து மணிக்கு மேல் குறுஞ்செய்தி அனுப்பாமல் இருப்பது ஆகிய மூன்றும் பல வீண் பேச்சுகளைத் தவிர்க்கும். ஒருவர் நட்பு என்று தொடங்கி வேறு திசையில் நகர்வதாகத் தோன்றினால், சாடை காட்டிக் காத்திருக்காமல் நேராகச் சொல்லிவிடுவது இருவருக்கும் மரியாதை.

ஆறாம் மாதம்: நீங்களே கூட்டுங்கள்

தனித்தனியாகப் பழகிய மூன்று நான்கு பேரை ஒருவரோடொருவர் அறிமுகம் செய்துவைப்பது கடைசிப் படி. நடைபாதை நண்பரும் பேட்மிண்டன் நண்பரும் தமக்குள் பழகத் தொடங்கிவிட்டால், நீங்கள் ஊரில் இல்லாத வாரத்திலும் அந்தச் சந்திப்பு நின்றுபோகாது. இதற்குப் பண்டிகைகள் உதவும். திருவோண நாளில் எல்லோரும் அவரவர் குடும்பத்தோடு இருப்பார்கள்; ஆனால் அதற்கு முன்பின் நாட்களில் குடியிருப்புச் சங்கமும் கலை விளையாட்டுக் கிளப்பும் நடத்தும் பூக்களத்திலும் வடம் இழுக்கும் போட்டியிலும் ஆள் எப்போதும் பற்றாக்குறைதான். சித்தூர் பகவதி கோவிலின் கொங்கன்படைத் திருவிழா, கொங்குப் படையை வென்றதன் நினைவாக நடப்பது. நீங்கள் கொங்கு நாட்டைச் சேர்ந்த கோவைக்காரராக இருந்து, உங்களை அதற்கு ஒரு நண்பர் வலிந்து கூட்டிப்போய்க் கேலி செய்கிறார் என்றால், பழக்கம் கனிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஜூன் வாக்கில் வந்தவர்களுக்கு முதல் பெரிய வாய்ப்பு, பாலக்காட்டின் கல்பாத்தி அக்கிரகாரத்தில் நவம்பரில் நடக்கும் தேர்த் திருவிழாவான கல்பாத்தித் தேர். அக்கிரகாரத்துத் தமிழும் ஊர் மலையாளமும் கலந்து ஒலிக்கும் அந்த நாட்களில் நீங்கள் இரு தரப்பாரையும் ஒன்றாக அழைக்கலாம். மூன்றாம் நாள் மாலையில் தேர்கள் தேர்முட்டியில் ஒன்றுகூடும் தேவரத சங்கமத்துக்குத்தான் கூட்டம் அதிகம். ஒருவரோடொருவர் முதன்முறையாகச் சந்திப்பவர்களுக்கு அன்றைய நெரிசல் ஆகாது. முதல் நாள் முற்பகலுக்கு அழையுங்கள். வண்டிகளைத் தொலைவில் நிறுத்திவிட்டு நடந்து வரச் சொல்லுங்கள். சந்திக்கும் கடையின் பெயரை முந்தைய இரவே எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். மேளச் சத்தத்தில் தொலைபேசி மணி கேட்காது.